பட்டினி கிடந்த குதிரையை மீட்டு, தேற்றி, தத்துக் கொடுப்பது எப்படி?

கடற்கரையில் சவாரிக்கு ஓடியவை, கல்யாண ஊர்வலத்தில் சாரட் இழுத்தவை, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலா வந்தவர்களைச் சுமந்தவை, பந்தயத்தில் கால் போனவை. தமிழ்நாட்டில் கைவிடப்படும் குதிரைகள் பெரும்பாலும் இப்படித்தான் தெருவுக்கு வருகின்றன. வருமானம் நின்றதும் தீவனச் செலவு சுமையாகிவிடுகிறது. அவிழ்த்துவிட்டுவிடுகிறார்கள். குப்பைமேட்டில் நெகிழிப் பையை மென்றுகொண்டு நிற்கும் குதிரையைப் பார்த்து மனசு கேட்காமல் இந்த வேலையில் இறங்குபவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நாய்க்கும் மாட்டுக்கும் காப்பகம் நடத்த வழி சொல்லக் கிடைக்கும் ஆட்கள் குதிரைக்குக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, ஒவ்வொரு மருத்துவரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நீங்களாவது அலையாமல் இருக்கலாம்.

முதலிலேயே ஒன்று. குதிரை மீட்பு கெட்டுப்போவது பெரும்பாலும் அவசரத்தால்தான். காகிதம் இல்லாமல் ஓட்டிவந்த குதிரை உரிமையாளரிடமே திரும்பிப் போகிறது. பாசத்தில் ஒரே நாளில் வயிறு நிறைய ஊட்டிய குதிரை ஒரு வாரத்துக்குள் செத்துப்போகிறது. இரண்டையும் தவிர்க்கும் விதம்தான் கீழே அதிகம் வரும்.

1. முதலில் கணக்கைப் போடுங்கள்

குதிரை 25, 30 வருடம் வாழும். பத்து வயதுக் குதிரையை மீட்டால், தத்து போகாத பட்சத்தில் இன்னும் பதினைந்து வருடம் உங்கள் பொறுப்பு.

நம் ஊர் நாட்டுக் குதிரை தேறிய நிலையில் 200 முதல் 250 கிலோ இருக்கும். குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் சுமார் 2 சதவீதம் உலர்தீவனம் சாப்பிட வேண்டும். 250 கிலோ குதிரைக்கு அது 5 கிலோ. பசும்புல்லில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் என்பதால், பசுமையாகவே கொடுத்தால் 25 கிலோ வேண்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்து விலையில் தீவனம் மட்டும் நாளொன்றுக்கு 250 முதல் 350 ரூபாய் வரை ஆகிறது. பந்தயத்திலிருந்து வரும் பெரிய குதிரை என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதோடு பராமரிக்கும் ஆளின் சம்பளம், லாடக்காரர், மருந்து, வண்டி வாடகை எல்லாம் சேரும்.

குறைந்தது ஆறு மாதச் செலவு வங்கியில் இருந்தால் ஆரம்பியுங்கள். எலும்பும் தோலுமாக வந்த குதிரை பழைய உடம்புக்குத் திரும்ப ஆறிலிருந்து பத்து மாதம் ஆகும். அதுவரை தத்துக்கு யாரும் வரமாட்டார்கள், நீங்களும் கொடுக்கக் கூடாது.

இன்னொரு விஷயம், குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. ஒற்றையாக வைத்தால் சாப்பிடாமல், கொட்டடியில் ஆடிக்கொண்டே நிற்கும். இரண்டாவது குதிரைக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதுவரை ஒரு வெள்ளாடாவது துணைக்கு இருக்கட்டும்.

2. இடம்

பெரிய குதிரைக்கு 12க்கு 12 அடி, மட்டக்குதிரைக்கு 10க்கு 10 அடி கொட்டடி. தரை மேடாக, மழைநீர் வடியும்படி இருக்க வேண்டும். ஈரத்திலேயே நிற்கும் குளம்பு அழுகிவிடும். பகலில் அவிழ்த்துவிட ஒரு திறந்தவெளி கட்டாயம்.

இடத்தைச் சுற்றி முள்கம்பி இருந்தால் முதலில் அதைப் பிடுங்குங்கள். மிரண்ட குதிரை முள்கம்பியில் பாய்ந்து கால் சதையைக் கிழித்துக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. சவுக்குக் கம்பு வேலி போதும், மலிவும்கூட.

அடுத்தது செடிகள். அரளி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரு கைப்பிடி அரளி இலை குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும், காய்ந்த இலைக்கும் அதே விஷம் உண்டு. கோயில் அருகே இடம் எடுப்பவர்கள் இதை ரொம்பக் கவனிக்க வேண்டும். ஆமணக்கு, உண்ணிச்செடி, நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகியவற்றையும் வேரோடு எடுத்துவிடுங்கள்.

புதிதாக வரும் குதிரைக்கு மற்றவற்றிலிருந்து தள்ளி, தனி வாளி, தனிக் கயிறு, தனித் தொட்டியோடு ஒரு கொட்டடி வேண்டும். இது இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். காரணம் ஆறாவது படியில் வருகிறது.

குத்தகை நிலம் என்றால் பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்பிக் கொட்டடி கட்டாதீர்கள். சில வருடங்களுக்கான குத்தகையாக எழுதி, பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம். செலவைப் பார்த்து இதைத் தவிர்ப்பவர்கள், நில விலை ஏறும்போது குதிரைகளோடு தெருவில் நிற்கிறார்கள்.

3. பதிவுகள்

அறக்கட்டளை, சங்கம், கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு நிறுவனம் என்று மூன்று வழிகள் உண்டு. சிறிதாக ஆரம்பிப்பவர்களுக்கு அறக்கட்டளை எளிது. பத்திரம் எழுதும்போது நோக்கங்களில் ‘நோயுற்ற, கைவிடப்பட்ட விலங்குகளைப் பராமரித்தல், அவற்றைத் தத்துக் கொடுத்தல்’ என்று வெளிப்படையாக இருக்கட்டும். ‘சமூக சேவை’ என்று பொதுவாக எழுதிய பத்திரத்தை வைத்துக்கொண்டு பின்னால் நீதிமன்றத்தில் விலங்கைக் கேட்பது சிரமம்.

வரிசை இதுதான்: பத்திரம், பான் அட்டை, அறக்கட்டளைப் பெயரில் வங்கிக் கணக்கு, தொண்டு நிறுவனங்களுக்கான அரசின் தர்பன் இணையதளத்தில் பதிவு, வருமான வரித்துறையில் அறக்கட்டளைக்கு வரிவிலக்குப் பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் அங்கீகாரம் (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12ஏ, 80ஜி). கடைசி இரண்டும் இல்லாவிட்டால் நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்காது.

இதோடு இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரத்துக்கும் விண்ணப்பியுங்கள். வாரியம் முன்பு சென்னையில் இருந்ததால் இப்போதும் பலர் உங்களைச் சென்னைக்கே போகச் சொல்வார்கள். தலைமையகம் ஹரியானாவில் உள்ள பல்லப்கருக்குப் போய்விட்டது.

வெளிநாட்டுப் பணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் சொந்தக்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை பிரச்சினை இல்லை. அவர் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் போகும். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. சித்தப்பாவாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

4. தகவல் வந்ததும்: குதிரை யாருடையது?

தெருவில் திரியும் குதிரைக்குப் பெரும்பாலும் உரிமையாளர் இருப்பார். ராத்திரி அவிழ்த்துவிட்டு, சவாரி கிடைத்தால் காலையில் பிடித்துக்கொண்டு போவார். நீங்கள் நேரடியாக ஓட்டிவந்தால் திருட்டுப் புகார் உங்கள் மேல் வரும். ஆகவே மூன்று வழிகளில் ஒன்றைப் பிடியுங்கள்.

உரிமையாளர் தெரிந்து, விட்டுக்கொடுக்கத் தயார் என்றால் முத்திரைத்தாளில் ஒப்படைப்புக் கடிதம் எழுதி வாங்குங்கள். குதிரையின் நிறம், பால், வயது, உயரம், நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழிகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அவருடைய ஆதார் நகல், இரண்டு சாட்சிக் கையெழுத்து, நோட்டரி. பணம் கொடுத்து வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் அவர் அடுத்த குதிரையை வாங்கி இதே வேலையைச் செய்வார். அவர் தவித்தால் வண்டி வாடகையை நாம் ஏற்றுக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

உரிமையாளரே தெரியவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் தகவல் கொடுத்து ரசீது வாங்குங்கள். நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் ஒரு கடிதம் போகட்டும். 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டத்தில் ‘கால்நடை’ என்பதில் குதிரையும் அடங்கும். அதனால் திரியும் குதிரையைப் பட்டியில் அடைக்க உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. பட்டியில் வைக்க இடமில்லை என்று அவர்களே உங்களிடம் ஒப்படைத்தால் அந்த ஒப்படைப்பு ஆணையின் நகலை விடாமல் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாக ‘கொண்டுபோங்க சார்’ என்று அனுப்பினால் கிளம்பாதீர்கள்.

உரிமையாளர் கொடுமைப்படுத்துகிறார், விடவும் மாட்டேன் என்கிறார் என்றால் வழக்குதான். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் போதிய தீவனம், தண்ணீர், நிழல் கொடுக்காததும், நோயுற்ற விலங்கை வேலை வாங்குவதும், கைவிடுவதும் குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான், படிக்கும்போதே வயிறு எரியும். அதனால்தான் காவல் நிலையத்தில் ‘சின்ன கேஸ்’ என்று தட்டிக்கழிப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அபராதம் இல்லை, குதிரையைக் கைப்பற்றுவது. அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட காவல் அதிகாரி விலங்கைக் கைப்பற்றி மாஜிஸ்திரேட்டிடமோ கால்நடை மருத்துவரிடமோ காட்டலாம் என்கிறது. புகாரில் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். காலை உடைத்தது, ஊனமாக்கியது போன்றவை இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவையும் சேருங்கள், அதற்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு.

கடிவாளம் போட்ட வாயைத் திறந்து பாருங்கள். வாய்க்குள் போகும் இரும்பில் முள் வைத்திருந்தால், நாக்கும் உதட்டு ஓரமும் கிழிந்து, ஆறி, மறுபடி கிழிந்து தடித்துப்போயிருக்கும். முள் கடிவாளம் 1965ஆம் ஆண்டு இழுவை, சுமை விலங்குகள் வதைத் தடை விதிகளின்படியே தடை. அதைக் கழற்றித் தூர எறியாதீர்கள். போட்டோ எடுத்து, காவல் அதிகாரி கையால் மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றல் பதிவில்) சேர்க்கச் சொல்லுங்கள்.

கைப்பற்றிய குதிரை வழக்குச் சொத்து. 2017ஆம் ஆண்டு வழக்குச் சொத்து விலங்குகள் பராமரிப்பு விதிகளின்படி, வழக்கு நடக்கும்வரை அதைக் காப்பகத்தில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். பராமரிப்புச் செலவுக்கு எதிர்தரப்பிடம் பிணைப்பத்திரம் வாங்கச் சொல்லியும் கேட்கலாம். முதல் நாளே மனுப் போடுங்கள், தினச்செலவுப் பட்டியலோடு. மிக முக்கியம்: வழக்கு முடிந்து குதிரை உங்களுக்கு என்று உத்தரவு வரும்வரை அதைத் தத்துக் கொடுக்கக் கூடாது. இந்த இடத்தில் சறுக்கிய காப்பகங்கள் உண்டு. நல்ல வீட்டுக்குப் போன குதிரையைத் திரும்பப் பிடித்துவந்து ஒப்படைக்க வேண்டிவரும்.

5. ஏற்றி வருவது

நிற்க முடியாத குதிரையை அன்றைக்கே வண்டியில் ஏற்றாதீர்கள். முதலில் 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்சைக் கூப்பிட்டு அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். பயணத்துக்கு உகந்தது என்ற மருத்துவச் சான்று 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி அவசியம். சோதனைச்சாவடியில் அதைத்தான் கேட்பார்கள்.

வண்டித் தரையில் மணலும் அதன் மேல் வைக்கோலும் பரப்புங்கள், தகரத்தில் குளம்பு வழுக்கும். ஏற்ற சாய்தளம் இல்லாவிட்டால் மண்மேடு பார்த்து வண்டியைப் பின்னால் ஒட்டி நிறுத்தினால் தானாக நடந்து ஏறிவிடும். பயணம் இரவிலோ விடியற்காலையிலோ இருக்கட்டும். சித்திரை வெயிலில் பகல் பயணம் மெலிந்த உடம்புக்கு ஆகாது.

6. வந்த முதல் நாள்

தனிக் கொட்டடியில் விடுங்கள். தண்ணீர் காட்டுங்கள், ரொம்ப வறண்டு வந்திருந்தால் அரை வாளியாகத் திரும்பத் திரும்ப. பிறகு அளவுகள் எடுங்கள். மலக்குடலில் வெப்பமானி வைத்தால் 37.5 முதல் 38.5 செல்சியஸ் சரி. ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. இவற்றைச் சுவரில் மாட்டிய அட்டையில் தினம் இரண்டு வேளை எழுத ஆள் வேண்டும்.

எடை மேடை இல்லாமலே எடை தெரியும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். அதைத் தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி 11,880ஆல் வகுங்கள். சுற்றளவு 150, நீளம் 130 என்றால் சுமார் 246 கிலோ. மருந்து அளவு முழுவதும் இதை நம்பித்தான்.

உடல்நிலையைக் குறிக்க 1983இல் ஹென்னகி என்ற ஆய்வாளர் வகுத்த 1 முதல் 9 வரையிலான மதிப்பெண் முறை இருக்கிறது. கழுத்து, முதுகுமேடு, தோள், விலா, இடுப்பு, வால் அடி ஆகிய ஆறு இடங்களைத் தடவிப் பார்த்துப் போடுவது. 1 என்றால் எலும்புக்கூடு, 5 என்றால் சரியான உடம்பு. மருத்துவரின் சான்றிதழில் இந்த எண் இருக்கட்டும். ‘மெலிந்துள்ளது’ என்ற ஒற்றை வார்த்தை நீதிமன்றத்தில் நிற்காது. அன்றே இரண்டு பக்கமும் முன்னும் பின்னும் போட்டோ. அப்புறம் வாராவாரம் அதே இடத்தில், அதே கோணத்தில்.

இரத்தம் எடுத்தாக வேண்டும். கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிலிருந்து மனிதருக்குத் தொற்றும், உயிரைப் பறிக்கும். அரசுக் கால்நடை மருத்துவர் வழியாக மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும். நாட்டின் ஆதார ஆய்வகம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம். முடிவு வரும்வரை கையுறை, முகக்கவசம் இல்லாமல் யாரும் கிட்டே போகக் கூடாது, குறிப்பாக மூக்கில் சளியோ உடம்பில் வரிசையாகக் கட்டியோ இருந்தால். நோய் உறுதியானால் அந்தக் குதிரையைக் காப்பாற்ற வழியில்லை, சட்டப்படி கருணைக்கொலைதான். மற்றவற்றைக் காப்பாற்றத்தான் தனிக் கொட்டடி. முடிவு சீக்கிரம் வந்தாலும் முப்பது நாள் தனியாகவே இருக்கட்டும்.

அதே இரத்தத்தில் சர்ரா நோய்க்கும் பார்க்கச் சொல்லுங்கள். கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் இந்த நோயில் காய்ச்சல் விட்டு விட்டு வரும், வயிற்றடியும் காலும் வீங்கும். எவ்வளவு தீவனம் போட்டாலும் உடம்பு ஏறாத குதிரைக்குப் பல நேரம் இதுதான் காரணமாக இருக்கும். பெண் குதிரை என்றால் சினைப் பரிசோதனையும் செய்யுங்கள். சினைக்காலம் பதினொரு மாதம். விலா எலும்பு தெரியும் குதிரையின் வயிற்றில்கூடக் குட்டி இருக்கலாம்.

7. முதல் பத்து நாள் தீவனம்

இதை மெதுவாகப் படியுங்கள். பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் கரைத்துத்தான் உயிர் தாங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் தானியமோ சர்க்கரையோ உள்ளே போனால் இன்சுலின் திடீரென எகிறும். இரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, மூன்றிலிருந்து ஐந்து நாட்களுக்குள் இதயமும் மூச்சும் நின்றுவிடும். ‘நல்லா சாப்பிட்டுச்சே, எப்படி செத்துது?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பட்டினிக் குதிரைகளுக்குப் பலவகைத் தீவனம் கொடுத்துப் பார்த்ததில் குதிரைமசால் (லூசர்ன் என்ற தீவனப்பயிர்)தான் சிறந்தது என்று தெரிந்தது. அதில் மாவுச்சத்து குறைவு, புரதமும் மக்னீசியமும் பாஸ்பரஸும் அதிகம். நம் அதிர்ஷ்டம், கோவை, திண்டுக்கல் பக்கமெல்லாம் குதிரைமசால் விளைகிறது. அவர்கள் சொல்லும் அளவு 450 கிலோ குதிரைக்கானது: முதல் மூன்று நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ உலர்ந்த குதிரைமசால், இரவிலும் சேர்த்து ஆறு வேளை. நான்காம் நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வேளைகளைக் குறைத்து, ஆறாம் நாளில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 2 கிலோ. பத்தாம் நாளுக்குப் பிறகு இரண்டு வேளை, சாப்பிடும் அளவுக்கு.

நம் நாட்டுக் குதிரைக்கு இதில் பாதி. நமக்குக் கிடைப்பது பசுமையான கட்டு என்பதால் இன்னொரு கணக்கும் உண்டு: அரைக் கிலோ உலர்ந்ததுக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல் பசும் தழை சமம். ஆக நாட்டுக் குதிரைக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சுமார் ஒரு கிலோ பசும் தழை. வெட்டியவுடனே போடாமல் நிழலில் வாடவிட்டுப் போடுங்கள். தராசில் நிறுத்துப் போடுங்கள். கண்ணளவு வேண்டாம், கை தானாக அதிகமாக அள்ளும்.

இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் எழுந்து போட ஆள் இருக்கிறதா என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். குதிரை தொட்டியை நக்கி, கதவில் குளம்பால் தட்டி, உங்களைப் பார்த்துக் கனைக்கும். கூடப் போட்டுவிடத் தோன்றும். போடாதீர்கள்.

பார்க்க வருகிறவர்கள் வாழைப்பழமும் வெல்லமும் சர்க்கரைப் பொங்கலும் கொண்டுவருவார்கள். கொட்டடி வாசலில் பலகை எழுதி வையுங்கள், ஒரு பருக்கைகூட உள்ளே போகக் கூடாது. கொள்ளும் ஓட்ஸும் இப்போதைக்கு வேண்டாம், உடம்பு நன்றாகத் தேறிய பிறகுதான். கோழித்தீவனம் எந்தக் காலத்திலும் கூடாது. அதில் சேர்க்கும் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் குதிரைக்கு விஷம். பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து மிச்சம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். யூரியா கலந்த மாட்டுத்தீவனமும் வேண்டாம்.

படுத்த குதிரை எழவில்லை என்றால் தடிமனாக வைக்கோல் பரப்பி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள். மூன்று நாளுக்கு மேல் எழாத குதிரை பிழைப்பது அரிது.

அடுத்த கண்ணி மாதங்கள் கழித்து வரும். நம் ஊரில் எல்லோரும் கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் புல்லும் கோதுமைத் தவிடும்தான் போடுவார்கள். மாட்டுக்கு அது அருமை. நேப்பியரிலும் கொழுக்கட்டைப் புல்லிலும் உள்ள ஆக்சலேட், குதிரையின் குடலில் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்க ஆரம்பிக்கும். முகத்து எலும்பு உப்பும், காரணமில்லாமல் நொண்டும், பல் ஆடும். தீவனத்தில் குதிரைமசாலோ வேலிமசாலோ ஒரு பங்கு எப்போதும் இருக்கட்டும். சோளத்தட்டையும் மற்றப் புற்களும் மாற்றி மாற்றிக் கொடுங்கள், தவிட்டைக் குறையுங்கள். கால்சியம் எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

8. குளம்பு, பல், புழு, புண்

முதல் வாரமே குடற்புழு மருந்து கொடுக்க எல்லோரும் சொல்வார்கள். நலிந்த குடலில் புழுக்கள் மொத்தமாகச் செத்து அடைத்துக்கொண்டால் வயிற்றுவலியில் குதிரையே போய்விடும். சாணத்தைப் பரிசோதித்து, ஓரளவு தேறியதும் மருத்துவர் சொல்லும் மருந்தை மட்டும் கொடுங்கள்.

உண்ணிக்கு மாட்டுக்கும் நாய்க்கும் அடிக்கும் அமிட்ராஸ் குதிரைக்கு ஆகாது. குடல் அசைவை நிறுத்திவிடும். மருந்துக்கடையில் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கும் மருந்து இது. பாட்டிலின் பின்புறம் படித்துவிட்டு வாங்குங்கள்.

வளர்ந்து வளைந்த குளம்பை ஒரே நாளில் வெட்டி நேராக்க முடியாது. நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். நல்ல லாடக்காரர் கிடைப்பதுதான் இந்தத் தொழிலிலேயே பெரும்பாடு. மாட்டுக்கு லாடம் அடிப்பவரை வைத்துச் சமாளிக்காதீர்கள், குளம்பின் அமைப்பே வேறு. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்குப் போனால் விவரம் தெரிந்தவர்களைச் சந்திக்கலாம்.

புல்லை மென்று உருண்டையாகக் கீழே துப்பினால் பல் கூராகியிருக்கிறது என்று அர்த்தம், ராவ வேண்டும். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள். எக்ஸ்ரேவுக்கும் அறுவைக்கும் அங்கேதான் போக வேண்டிவரும். எந்தப் புண்ணோடு வந்தாலும் டெட்டனஸ் ஊசி தவறக் கூடாது. ரேபிஸ் தடுப்பூசியும் போடுங்கள்.

எல்லாம் செய்தும் தேறாத குதிரை வரும். முறிந்த கால், நிற்காத வலி. அப்போது கருணைக்கொலை என்ற முடிவை மருத்துவரின் எழுத்துமூலக் கருத்தோடு எடுங்கள். புதைக்க ஜேசிபி, கிணற்றிலிருந்து தள்ளிய ஆழமான குழி, சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் ஏற்பாடும் பணமும் முன்பே தயாராக இருக்கட்டும். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்க முடியாது.

9. பழக்குவது

அடிவாங்கிய குதிரை கையைத் தூக்கினாலே தலையை வெட்டி இழுக்கும். உடம்பு ஏறும்வரை சேணத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். முகக்கயிறு போட விடுவது, தொட விடுவது, நாலு காலையும் தூக்கிக் காட்டுவது, வண்டியில் ஏறுவது, கட்டி வைத்தால் அமைதியாக நிற்பது. இவ்வளவு தெரிந்தால் தத்துக்குப் போதும். தினமும் கொஞ்ச நேரம், ஒரே ஆள், ஒரே குரல். பழைய குதிரைக்காரர்கள் கையில் சவுக்கு இல்லாமல் வரமாட்டார்கள். அனுபவம் இருந்தாலும் அப்படிப்பட்டவரை வேலைக்கு வைக்காதீர்கள்.

ஆண் குதிரையைத் தத்துக்கு முன் காயடித்துவிடுங்கள். அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. காயடிக்காமல் கொடுத்தால் அடுத்த வருடம் அதன் குட்டி சவாரிக்குப் போகும்.

10. தத்துக் கொடுப்பது

விண்ணப்பத்தில் கேட்க வேண்டியவை: நிலம் யாருடையது, வேறு குதிரை இருக்கிறதா, பார்த்துக்கொள்வது யார், பக்கத்தில் குதிரைக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் யார். பிறகு நேரில் போய்ப் பாருங்கள். போட்டோவில் அரளியும் முள்கம்பியும் தெரியாது.

பலர் முதலில் கேட்பது சுழி நல்ல சுழியா என்றுதான். கெட்ட சுழி என்ற காரணத்துக்காகவே விலை போகாமல் கைவிடப்பட்ட குதிரைகள் இருக்கின்றன. சுழிக்குப் பயப்படுகிறவருக்குக் குதிரையைக் கொடுக்காதீர்கள். வீட்டில் ஒரு கடன் வந்தாலும் பழி அதன் மேல்தான் விழும். சுழிகளை அடையாளப் படத்தில் குறித்துவைப்பது மட்டும் நமக்கு அவசியம். கைரேகைபோல அது மாறாது. மைக்ரோசிப்பும் போட்டுவிடுங்கள்.

ஒப்பந்தம் முத்திரைத்தாளில். விற்கக் கூடாது, கைமாற்றக் கூடாது, இனப்பெருக்கம் கூடாது, கல்யாண ஊர்வலம், வாடகைச் சவாரி, பந்தயம் எதற்கும் விடக் கூடாது, முன்னறிவிப்பின்றி நாங்கள் வந்து பார்க்கலாம், வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும். மாவட்டம் தாண்டினால் புதிய மருத்துவச் சான்றும் கிளாண்டர்ஸ் முடிவும் கூடவே போகட்டும். ஒரு தொகை வாங்குங்கள். இலவசமாகக் கொடுத்தால் வாங்கி விற்கும் தரகர்கள்தான் முதலில் வருவார்கள்.

முதல் மாதம் சோதனைக் காலமாக எழுதுங்கள். அந்த மாதம் வாராவாரம் போட்டோ கேளுங்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய் விலாவைத் தடவிப் பாருங்கள். முடி அடர்ந்த காலத்தில் மெலிவு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். மதிப்பெண் 4க்குக் கீழே போனால் ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்துத் திருப்பி எடுங்கள். தத்துப் போன குதிரைகளில் சில திரும்பி வரும், வேலை மாறிப்போகிறவர்கள், நிலத்தை விற்கிறவர்கள் இருப்பார்கள். அதற்காக ஒரு கொட்டடியை எப்போதும் காலியாக வைத்திருங்கள், எத்தனை அழைப்பு வந்தாலும் அதில் புதிய குதிரையைச் சேர்க்காதீர்கள்.